எங்க அடுப்பைக் கண்டா மட்டும் முளைக்கிற மூக்கு

மனு கொடுத்திருக்கிறார்கள் தோழர்களே. மனுவுக்கும் நமக்கும் உள்ள கணக்கு பழைய கணக்கு. ஆனால் இந்த மனு சமஸ்கிருதத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்த சுத்தமான தமிழில், மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று என்று, நாற்பது கையெழுத்தோடு போயிருக்கிறது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தெரு. எந்தத் தெரு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாள் போலீஸ் ஜீப் வந்து நிற்பது அந்த அக்காவின் வண்டிக்கு முன்னாடிதான். சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டுவார். பீப் ஃப்ரை, சில்லி, போட்டி. ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு அண்டா பிரியாணி. துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள், கண்டெய்னர் யார்டில் லோடு இறக்குகிறவர்கள், மணலி கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள், தெருக் கூட்டும் பெண்கள் - இவங்கதான் கஸ்டமர். ஆட்டுக்கறிக்குக் கொடுக்கிற காசில் பாதிகூடக் கொடுக்காமல் வயிறு நிறையக் கறி தின்ன இவர்களுக்கு அந்த வட்டாரத்தில் இருப்பது இந்த ஒரு வண்டிதான்.

மனுவில் நாலு குற்றச்சாட்டு. ஒன்று, துர்நாற்றம். இரண்டு, குடும்பப் பெண்கள் நடமாட முடியவில்லை. மூன்று, சமூக விரோதிகள் கூடுகிறார்கள். நான்கு, அருகில் கோயில் இருக்கிறது. 'மாட்டுக்கறி' என்ற சொல் மனுவில் ஒரு இடத்திலும் இல்லை. 'குறிப்பிட்ட வகை இறைச்சி' என்று எழுதியிருக்கிறார்கள். பேரைச் சொல்லவே நாக்கு கூசுதாம்!

பத்தடி தள்ளி ஒரு சிக்கன் பக்கோடா வண்டி நிற்கிறது. அதே பாமாயில், அதே புகை, அதே ரோடு. தெருமுனையில் பரோட்டாக் கடை. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கொத்துப் பரோட்டாச் சத்தம் காதைக் கிழிக்கும். அவர்கள் மேல் மனு கிடையாது. கையெழுத்துப் போட்ட பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "சாதியெல்லாம் நாங்க பாக்கறதில்ல தம்பி. வாடைதான் தாங்கல" என்றார். அக்காவிடம் கேட்டேன். "பத்து வர்சமா இதே மசாலாதான் அரைக்கறேன். எதிர்ல பிளாட் கட்டி குடி வந்தாங்கோ பாரு, அப்பால இருந்துதான் நாறுதாம்" என்றார்.

இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கிற சங்கதியைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

*

வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு வாடையைப் பற்றிப் புகார் எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. நகரத்துக்கு வேண்டாத நாற்றத்தையெல்லாம் வடக்கே தள்ளிவிட்டுத்தான் மற்ற சென்னை மணக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேடு இங்கே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இங்கே. உரத் தொழிற்சாலைகள் இங்கே. அனல்மின் நிலையத்துச் சாம்பல் இங்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படர்ந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, அள்ளப்போனவன் கையும் கறுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்க இருட்டில் ஓடினாங்க. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாயு நெடி. பிள்ளைகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அமோனியா ஆலையை மூடு என்று மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தது மீனவக் குப்பத்துச் சனங்க. அதிலும் பெண்கள். 'துர்நாற்றம்' என்று மனு எழுதத் தெரிந்த இந்த நாற்பது பேரில் எத்தனை பேர் அந்தப் பந்தலை எட்டிப் பார்த்தார்கள் என்று அந்தப் பெரியவரிடமே கேட்டேன். "அது கம்பெனி விவகாரம் தம்பி" என்றார்.

அமோனியா நுரையீரலை அரிக்கும். இஞ்சி பூண்டு போட்டு வறுத்த கறியின் ஆவி யார் நுரையீரலையும் அரித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அப்படியிருக்க முன்னதைச் சகித்துக்கொள்கிற மூக்கு பின்னதைக் கண்டு சுளிக்கிறது என்றால், கோளாறு மூக்கில் இல்லை. 'தீட்டு' என்று எழுதினால் சட்டம் பாயும் என்று படித்தவனுக்குத் தெரியும். 'வாடை' என்று எழுதினால் மாநகராட்சி லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போகும். தீட்டு இன்றைக்கு வைத்துக்கொண்டிருக்கிற புனைபெயர் வாடை.

அக்கா சொன்ன இன்னொரு விசயத்தையும் விட்டுவிடக் கூடாது. பிளாட் கட்டுனதுக்கு அப்புறம்தான் நாறுது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்தது. மனை விலை ஏறியது. பெரம்பூரில் நம்ம தாத்தன்மார் வேலை பார்த்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டு, அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுந்ததை ஏற்கெனவே பார்த்தோம். தறி ஓடியபோது யாருக்கும் மூக்கு இல்லை. சதுர அடிக்கு விலை வந்ததும் மூக்கு முளைத்துவிட்டது. நிலம் வேண்டும், மெட்ரோ வேண்டும், கட்டடம் கட்ட நம்ம ஆள் வேண்டும், வீடு கூட்ட நம்ம பொம்பளை வேண்டும். நாம தின்கிற சோறு மட்டும் தெருவில் இருக்கக் கூடாது.

*

இதெல்லாம் சாதியே இல்லை, பக்கத்து வீட்டுச் சச்சரவு, இதுல போய் அரசியல் பண்றீங்களே என்று நம்மோடு திரிகிற முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் கடல் தாண்டிக் கூட்டிப்போக வேண்டும். கடல் தாண்டினால் அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

சிங்கப்பூர். சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் வைக்கிற குழம்பு வாடை தாங்கவில்லை என்று புகார் கொடுத்தது. சமரச மையத்தில் உட்காரவைத்துப் பேசினார்கள். சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் குழம்பு வைப்பது என்று இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. சில வருடம் கழித்து, 2011 ஆகஸ்டில், இது பத்திரிகையில் வந்ததும் நாடே கொதித்தது. ஆகஸ்டு 21 ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் ஒரு பானை குழம்பு வைப்போம் என்று அழைப்பு விட்டார்கள். இந்தியர் மட்டுமல்ல, சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து பல்லாயிரம் பேர் ஆதரவு சொன்னார்கள். தமிழ்நாட்டில் இந்தச் செய்தியைப் படித்த எந்தத் தமிழனும் 'பாவம் சீனக் குடும்பம், மூக்கு என்ன பாடுபட்டிருக்கும்' என்று எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அமெரிக்கா. கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் வளாகம், 2023. இந்திய ஆய்வு மாணவர் ஒருவர் மைக்ரோவேவ் அடுப்பில் பாலக் பன்னீரைச் சூடு பண்ணுகிறார். வாடை அடிக்குது, இங்கே பண்ணாதே என்கிறார் அங்கே வேலை பார்க்கிற ஒருவர். தகராறு வளர்ந்து வழக்கானது. 2025இல் பல்கலைக்கழகம், தன் பொறுப்பு எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, 2 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. 2026 ஜனவரியில் செய்தி வெளிவந்தபோது இங்கே பலரும் நெஞ்சு கொதித்தார்கள். இனவாதம் என்றார்கள்.

இனவாதம்தான். மறுக்கவில்லை. பன்னீர் நாறுதுன்னு அவன் சொன்னா இனவாதம். பீப் நாறுதுன்னு நீங்க சொன்னா அது சுகாதாரமா? அங்கே பன்னீரைச் சொன்னது பன்னீரை இல்லை, அதைத் தின்கிற ஆளை என்று உங்களுக்குப் பளிச்சென்று விளங்குகிறதே, இங்கே அந்த அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

*

அடுத்தது கோயில். 2025 ஜனவரியில் கோவை உடையாம்பாளையத்தில் சாலையோரம் பீப் பிரியாணி விற்ற ஒரு தம்பதியை, பக்கத்தில் கோயில் இருக்கிறது, இங்கே மாட்டுக்கறி விற்கக் கூடாது என்று பா.ஜ.க. பிரமுகர் ஒருவர் மிரட்டிய காட்சி செல்போனில் பதிவாகித் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. போலீஸ் வழக்குப் பதிந்தது. செல்போனில் பதிவாகாத மிரட்டல்களுக்கு யார் வழக்குப் பதிவார்கள் என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் கோயில் இல்லாத தெரு எது? வடசென்னையில் சந்துக்கு ஒரு அம்மன். ஆடி மாசம் கூழ் ஊத்தி, கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தால் வாங்கிக்கொள்கிற அம்மன். கிடா வெட்டினால் மலையேறுகிற சாமி. இந்தச் சாமிகளுக்குக் கறி வாடை ஆகாது என்று எப்போது முடிவானது? சாமி எங்கும் சொல்லவில்லை. சாமிக்கு வக்காலத்து வாங்கியவர் சொல்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் மாடு அறுப்பதற்கு 1958ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் நிபந்தனை போடுகிறது. விற்பதையும் தின்பதையும் அது தடுக்கவில்லை. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, கால்நடைச் சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது அதற்கு முதலில் இடைக்காலத் தடை போட்டது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்த விதியை எதிர்த்து மாட்டுக்கறி விருந்து நடத்தியதற்காகச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு ஆய்வு மாணவர் கண் பக்கம் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த வருடம், 2018 டிசம்பரில், அதே ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், கை கழுவத் தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கூச்சல் எழுந்ததும் கிழித்தார்கள். கிராமத்து டீக்கடையில் ரெண்டு டம்ளர். உலகத் தரத்துக் கல்வி நிலையத்தில் ரெண்டு வாஷ்பேசின். முன்னேற்றம்!

*

கோவைப் பிரமுகரைத் திட்டுவது சுலபம். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சமூகநீதி பேசுகிற அரசாங்கம் என்ன செய்தது என்பதைப் பேசத்தான் நம்ம தோழர்களுக்கே தொண்டை அடைக்கிறது.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தது. ஆம்பூர்! தோல் தொழிற்சாலைகளின் ஊர். தலித்துகளும் இசுலாமியர்களும் தோலோடு மல்லுக்கட்டி வாழ்கிற ஊர். அந்தத் திருவிழாவில் பீப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். சிலர் ஆட்சேபிப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். அப்படியானால் நாங்கள் வெளியே கடை போட்டு இலவசமாகக் கொடுப்போம் என்று விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட அமைப்புகள் அறிவித்தன. உடனே மழை வந்துவிட்டது! மழை எச்சரிக்கை என்று சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். இதைச் சாதிப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீசு விட்டது. ஒரு உணவுப் பட்டியலில் ஒரு உணவு இல்லாமல் போவது பாகுபாடு ஆகலாம் என்று ஒரு அரசு ஆணையமே கேட்டதை நாம் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து, 2022 ஆகஸ்டு 12 முதல் 14 வரை, சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கேயும் முதலில் பீப் கடை இல்லை. கேட்டதற்கு, நாங்கள் தடுக்கவில்லை, கடை போட யாரும் முன்வரவில்லை என்று அமைச்சர் தரப்பில் பதில் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு பீப் கடைகள் வந்தன.

'யாரும் கேட்கவில்லை.' இந்தப் பதிலைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கதவில் பூட்டு இல்லை, உள்ளே வர யாரும் கேட்கவில்லை என்று சொல்வது போன்றது இது. காலங்காலமாக விரட்டப்பட்ட ஒரு சோறு, அரசாங்கப் பந்தலுக்கு முன்னால் வந்து 'அய்யா நானும் வரலாமா' என்று தானாகக் கேட்க வேண்டும். இட்லியை யாராவது விண்ணப்பம் போட்டா பந்தலுக்குள் கொண்டுவந்தார்கள்?

இந்த மண்ணில் சாப்பாட்டுக் கடையை வைத்து நடந்த போராட்டங்களை நாம் மறக்கவில்லை. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணாளுக்குத் தனி, இதராளுக்குத் தனி என்றிருந்தது 1941இல் ஒழிந்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் ஆட்கள் போனார்கள், மாதக்கணக்கில் நடந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள், கடைசியில் சொல் போனது. 2012இல் ஸ்ரீரங்கத்தில் அதே சொல் இன்னொரு பலகையில் முளைத்தபோது மறுபடியும் போராட்டம் நடந்தது. அந்த வரலாறு நமக்கும் உரியதுதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பலகையில் எழுதிய சாதியை அழித்தீர்கள். எழுதப்படாமலே ஒரு கடையை ரோட்டிலிருந்து துரத்துகிற சாதியை எந்தத் தார் டப்பாவால் அழிப்பது?

*

ஏனென்றால் இந்தச் சண்டையைச் சைவம் - அசைவம் என்று சுருக்குவது ஒரு மோசடி. 2014ஆம் ஆண்டு அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 97 விழுக்காட்டினர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அந்த நாற்பது கையெழுத்தில் பார்ப்பனக் கையெழுத்து ஒன்றோ ரெண்டோ இருந்தால் அதிகம். மீதி எல்லார் வீட்டிலும் ஞாயித்துக்கிழமை கறிதான். கறிக்குள் ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள். மேல்படியில் ஆடு. அடுத்து கோழி. அடுத்து மீன். கருவாடு கொஞ்சம் கீழே. மாடு அதற்கும் கீழே. பன்றி மண்ணுக்குள்ளே. சாதியின் படிக்கட்டை அப்படியே எடுத்து அடுப்பங்கரையில் சாத்தியிருக்கிறார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலில், மாட்டுக்கறியை விடாமல் தின்றவர்கள்தான் ஊருக்கு வெளியே தீண்டப்படாதவர்களாக நிறுத்தப்பட்டார்கள் என்று வாதிட்டதை இந்த ஏணியை வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

உடனே ஒரு புத்திசாலி எழுந்து, 'அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே' என்பார். 1927இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊர்க்காரன் வீட்டு மாடு செத்தால் இழுத்துப்போட்டு, கூலிக்குப் பதிலாக அந்தச் சவத்தைத் தின்ன வேண்டும் என்றிருந்த அடிமை முறையை. அக்கா வண்டியில் வேகிறது யாரும் தூக்கிப் போட்ட கறி அல்ல. விடியக்காலையில் எழுந்து, காசு கொடுத்து, எடை பார்த்து வாங்கி வந்த கறி. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அம்பேத்கரை நமக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

*

இனி நம்ம வீட்டுக்குள் வருவோம். இது கசக்கும். கசந்தாலும் பேசணும்.

கறிக் கடையில் வாங்கினால் கருப்புக் கவரில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். நாமும் அப்படியே வாங்கி வருகிறோம். வீட்டில் 'பெரிய கறி' என்கிறோம். வெளியில் 'பீப்' என்கிறோம். இங்கிலீசில் சொன்னால் தீட்டு கொஞ்சம் குறைகிற மாதிரி. அரசு வேலை வாங்கி அடுக்குமாடிக்குப் போன நம்ம அண்ணன்மார் சன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அம்மா ஆசையாய் உப்புக்கண்டம் எடுத்து வந்தால், "இங்க வறுக்காதம்மா, பக்கத்துல ஒருமாதிரி பேசுவாங்க" என்று சொல்லி அந்த அம்மாவின் முகத்தைச் சுண்டவைக்கிறார்கள். அந்த நாற்பது கையெழுத்தில் நம்ம ஆள் கையெழுத்தும் ரெண்டு இருக்கிறது. விசாரித்துத்தான் எழுதுகிறேன். 'எங்களையும் அவங்களோட சேர்த்துடுவாங்கன்னு பயம்' என்று காரணம் சொன்னார்கள்.

இன்னொன்று. மாட்டுக்கறி எங்கள் உரிமை என்று முழங்குகிற நாம், பன்றிக்கறி தின்கிற அருந்ததியத் தோழரின் வீட்டுப் பக்கம் போனால் மூக்கைப் பொத்துகிறோமா இல்லையா? பொத்துகிறோம் என்றால் நம்மிடமும் ஒரு மனு இருக்கிறது. இன்னும் டைப் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வளாகத்தில் மாட்டுக்கறி விருந்து நடத்துவது தேவைதான். அதற்காக அடிபட்டவர்களை மதிக்கிறோம். ஆனால் வருடத்தில் ஒரு நாள் விருந்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டால், மிச்சம் 364 நாளும் போலீசுக்கு மாமூல் கொடுத்து, குடிச்சிட்டு வர்றவன் பேச்சைக் கேட்டு, மாநகராட்சி லாரி சத்தம் கேட்டதும் எரிகிற அடுப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அந்த அக்காவுக்கு என்ன மிச்சம்? அவர் பண்பாட்டுக் கலகம் செய்யவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டுகிறார். அந்த வண்டி நாளைக்கும் அதே இடத்தில் நிற்பதுதான் கலகம்.

*

அதற்கு என்ன செய்வது?

முதலில் நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்வோம். ஒரு கடை மேல் வருகிற எல்லாப் புகாரும் சாதிப் புகார் இல்லை. எச்சில் தண்ணியை அடுத்தவன் வாசலில் ஊற்றினால், நடக்க வழி விடாமல் மறித்தால், ராத்திரி வாசலில் தகராறு நடந்தால் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அக்காவும் குப்பைக்கு ஒரு டின் வைக்கத்தான் வேண்டும். நமது கேள்வி ஒன்றே ஒன்று: இதே புகாரை பக்கோடா வண்டி மேலும், பரோட்டாக் கடை மேலும், அய்யர் மெஸ் மேலும் கொடுப்பீர்களா? கொடுத்தால் வாங்க, எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஒழுங்கு பேசுவோம். ஒரு அடுப்பின் மேல் மட்டும் கொடுத்தால் அதன் பேர் வேறு.

அடுத்தது சட்டம். தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை எந்தத் தெரு வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பறிமுதல் செய்த பண்டம் கெட்டுப்போகக் கூடியது என்றால் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். கறி அன்றைக்கே கெடும் என்பதை எந்த அதிகாரிக்கும் விளக்கத் தேவையில்லை. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதே குழுவில் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடம் உண்டு. அவர்கள் போய் உட்காருவார்கள். நம்ம அக்காமார் போய் உட்கார வேண்டாமா? இந்த வேலையை நாம் எந்த வார்டில் செய்திருக்கிறோம்?

தீண்டாமையின் பேரில் கடையில், உணவு விடுதியில் ஒருவரைத் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். அந்த 500 ரூபாயில் அவர்கள் மானத்தின் விலை தெரிகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைவிடக் கூர்மையானது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொழில் செய்வதை, வியாபாரம் செய்வதைத் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் குற்றம். ஆனால் அக்கா கிறித்தவராக இருந்தால் இந்தச் சட்டம் கை விரித்துவிடும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ராயபுரத்திலும் எண்ணூரிலும் நம்மில் எத்தனை குடும்பம் அப்படி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மாதா கோயிலுக்குப் போனதால் தீட்டு போகவில்லை, பாதுகாப்பு மட்டும் போனது. அதனால்தான் தெரு வியாபாரிகள் சட்டத்தை விடாமல் பிடிக்கச் சொல்கிறேன். அது யாருடைய மதத்தையும் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. மீன்காரப் பெண்களோடு பேசுங்கள். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் நொச்சிக்குப்பத்துப் பெண்களின் மீன் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி அகற்றியபோது அவர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். இன்றைக்கு அக்காவின் வண்டி என்றால் நாளைக்குக் கருவாட்டுக் கூடை. காசிமேட்டுக்கும் அது வரும். பந்தலில் அவர்களோடு உட்கார வேண்டியது நாமும்தான். நம்ம வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியது அவர்களும்தான்.

அந்த மனுவின் மேல் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை. எடுப்பார்கள். அதற்குள் நாம் போவோம். வருகிற ஞாயித்துக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அண்டா இறங்கும். பார்சல் வாங்காதீர்கள், கருப்புக் கவர் கேட்காதீர்கள். வீட்டில் இருக்கிற அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரோட்டில் நின்று, பிளாட்டில் இருக்கிறவர்கள் பார்க்கப் பார்க்கத் தின்போம். தின்றுவிட்டு இலையைக் குப்பை டின்னில் போட்டுவிட்டு, அக்காவுக்கு அந்த வியாபாரிச் சான்றிதழ் வாங்கித் தரத் திங்கட்கிழமை மண்டல அலுவலகத்துக்கு யார் யார் போவது என்று பேரெழுதிக்கொண்டு கலைவோம்.